பதில்: இரைப்பைக் கட்டா, கச்சையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை இப்போது தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால், உடல் எடையைக் குறைக்க இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி அறுவை சிகிச்சை மூலம் பொருத்தும் ‘gastric band’ என்ற பட்டைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில் வந்த ஒவ்வொரு மடலையும் இரண்டு முறை படித்தேன். என் பங்குக்குச் சில.

> ‘இரைப்பைக் கட்டு’ என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது, யாருக்கும் புரியும்.

புரியும், ஐயா. என்னவென்று புரியும் என்பதில்தான் எனக்குத் தயக்கம். முதல் வரைவில் நானும் இதைத்தான் போட்டிருந்தேன். எங்கள் பெரியம்மா படித்துப் பார்த்துவிட்டு, “வயித்தைக் கட்டுறதுக்கு எதுக்குப்பா ஆபரேஷன்?” என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி’ என்று நாம் சொல்வது அரைப்பட்டினி கிடந்து மிச்சம் பிடிப்பதை அல்லவா? அந்த வாடை ‘கட்டு’ என்ற சொல்லில் ஒட்டிக்கொண்டு வருகிறது. உடல் பருமன் உள்ளவர் காலமெல்லாம் கேட்டு நொந்த பேச்சும் அதுவேதான். கொஞ்சம் வாயைக் கட்டினால் இறங்கிவிடும் என்பார்கள். ஆனால் சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கினால் உடல் சும்மா இருப்பதில்லை. கிரெலின் என்கிற பசி இயக்குநீரைக் கூட்டிவிடுகிறது. பசியோடு பல வருடம் மல்லுக்கட்டிய பிறகுதான் பெரும்பாலும் ஒருவர் அறுவை சிகிச்சை வரை வருகிறார். அவர் கையில் கொடுக்கும் தாளின் தலைப்பே அவரைக் குற்றம் சொல்லக் கூடாது. இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

> ‘இரைப்பை வளையம்’ எப்படி?

வடிவத்துக்குச் சரி. ஆனால் வளையம் என்றால் போட்டது போட்டபடி இருக்கும். இந்தக் கருவியின் உயிரே இறுக்கவும் தளர்த்தவும் முடியும் என்பதில் இருக்கிறது. முன்பு இரைப்பையைச் சுற்றிப் போட்ட பட்டைகளில் இறுக்கத்தை மாற்ற முடியாது. 1986-இல் லூபோமிர் குஸ்மாக் என்ற அறுவை மருத்துவர் உட்புறத்தில் ஊதிப் பெருக்கக்கூடிய பை உள்ள சிலிக்கோன் பட்டையைக் கொண்டுவந்தார். 1993-இல் பெல்ஜியத்தில் மிட்டிக்கு பெலாச்சூ என்ற அறுவை மருத்துவர் அப்படி மாற்றக்கூடிய பட்டையை வயிற்றைத் திறக்காமல், சிறு துளைகள் வழியே பொருத்திக் காட்டினார். அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது.

இறுக்குவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த அம்மா படுத்திருந்தார். மருத்துவர் வயிற்றின் தோலை விரலால் தடவி, அடியில் புதைந்திருந்த பொத்தான் போன்ற ஒன்றைக் கண்டுபிடித்தார். ஊசியை அதற்குள் செலுத்தி, அதன் வழியே பட்டையின் பைக்குள் உப்புநீரைத் துளித்துளியாக ஏற்றினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அப்புறம் எழுப்பி உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிறதா என்று எல்லோரும் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது மடக்கில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். உடனே கொஞ்சம் உப்புநீரை வெளியே எடுத்தார்கள். “கொஞ்சம் தளர்த்தியாச்சும்மா, இப்ப குடிங்க” என்றார் செவிலியர்.

அந்தச் செவிலியரின் வாயில் எந்தச் சொல் தானாக உட்காரும் என்று பார்ப்போம். ‘வளையத்தைத் தளர்த்தியாச்சு’ என்பது இடறுகிறது. ‘கச்சையைத் தளர்த்தியாச்சு’ என்று சொல்லிப் பாருங்கள். இறுக்குவதும் தளர்த்துவதும் கச்சைக்கு இயல்பான வினைகள். பொருத்தும்போதுகூட, இடுப்புக் கச்சையைப் போலவே, ஒரு முனையை மறு முனைக்குள் நுழைத்து இழுத்துத்தான் பூட்டுகிறார்கள்.

> கச்சை என்றால் மார்க்கச்சைதான் நினைவுக்கு வரும்.

வரும்தான், அம்மா. ஆனால் இடைக்கச்சையும் மார்க்கச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் நாம் குழம்பியதில்லை, முன்னொட்டு பார்த்துக்கொள்கிறது. ‘இரைப்பை’ முன்னால் நின்றால் வேறு நினைவு வர இடமில்லை. ‘பட்டை’யையும் யோசித்தேன். ‘இரைப்பைப் பட்டை’ என்று வேகமாகச் சொன்னால் நாக்கு தடுக்குகிறது.

முன்னால் ‘வயிறு’ வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம் என்று நினைக்கிறேன். வயிறு என்றால் தொப்பையும் அதில் அடங்கிவிடும். இடுப்பில் வெளியே கட்டுகிற பெல்ட் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூலச்சொல் சரியாக அமைந்தால் கிளைகள் எளிதில் வரும். கச்சைக்கு மேலே ஒதுங்கும் சிறு பகுதி 15 முதல் 30 மில்லி மட்டுமே கொள்ளும். அதை ‘மேற்பை’ என்று எழுதியிருக்கிறேன். அது நிறைந்ததும் போதும் என்ற உணர்வு வந்துவிடுகிறது. தோலுக்கடியில் இருக்கும் பொத்தானுக்கு ‘ஊசிவாய்’. ஆங்கிலத்தில் ‘port’ என்பதைப் பார்த்து இதற்கு யாரோ ‘துறை’ என்று எழுதியிருந்தீர்கள், அது கப்பலுக்குத்தான் பொருந்தும். கச்சை இடம் பெயர்ந்தால் ‘கச்சை நழுவல்’.

> வழக்கொழிந்துவரும் சிகிச்சைக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டியெடுத்துக் குழல்போல் ஆக்கும் முறைதான் இன்று அதிகம் நடக்கிறது, உண்மை. கச்சை போட்டுக்கொண்ட பலருக்கு எடை போதிய அளவு இறங்கவில்லை, சிலருக்குச் சிக்கல் வந்து கழற்ற வேண்டியதாயிற்று. ஆனால் கச்சையை இன்னும் உடம்பில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி வாந்தி வருகிறது, இரவில் படுத்தால் சாப்பிட்டது எதுக்களிக்கிறது என்று மருத்துவரிடம் போகிறவர், ‘எனக்கு இரைப்பைக் கச்சை இருக்கிறது’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல முடிய வேண்டும். புதிதாகப் போடுபவரைவிட அவருக்குத்தான் இந்தச் சொல் அதிகம் தேவை.

கடைசியாக, எனக்கு இன்னும் பிடிபடாத ஒன்று. கச்சை மெல்ல மெல்ல இரைப்பைச் சுவரைத் தின்றுகொண்டு உள்ளே வந்துவிடுவது உண்டு. மண் அரிப்பைப் பார்த்து ‘கச்சை அரிப்பு’ என்று எழுதினேன். படித்தவர்கள் எல்லோரும் சொறிச்சல் என்று எடுத்துக்கொண்டார்கள். தோலில் ஏதோ தடிப்பு, களிம்பு தடவினால் போகும் என்று ஒருவர் நினைத்துவிட்டால் ஆபத்து. இப்போதைக்கு ‘கச்சை உள்ளிறங்கல்’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் அதில் சுவர் அரிபடுவது தெரியவில்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வரைவை இன்னும் முடிக்கவில்லை.