மூன்று வாரத்தில் வீடு விற்காவிட்டால் விலை தப்பா?

கடைக்கோடி:
ஒரு விஷயத்தைக் கேட்டு எரிச்சல் அடங்கவில்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுத் தரகர் 'குடியிருப்போருக்கு நன்றி' என்று கூட்டம் போட்டார். பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார், துப்புரவுப் பணியாளர்களை மேடையில் உட்கார வைத்துப் பாராட்டினார். அதுவரை நல்ல காரியம்தான். அப்புறம் மைக்கைப் பிடித்து, சந்தை மந்தமாக இருப்பதால் எல்லோருக்கும் இலவச ஆலோசனை என்று ஆரம்பித்தார். "விற்பனைக்கு வந்த வீட்டுக்கு முதல் மூன்று வாரத்தில் ஆள் அமையவில்லை என்றால் விலை தப்பு. சந்தையைக் குறை சொல்லாதீர்கள், விலையைக் குறையுங்கள்" என்றார்.

எங்கள் வரிசையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் வீடு நெடுநாளாக விற்பனையில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். கையில் கொடுத்த துண்டுச்சீட்டை அந்த அம்மா நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். இதுதான் நன்றி சொல்லும் லட்சணமா? மூன்று வாரம் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

பழைய சாவி:
தம்பி, தரகு வேலையிலேயே முடி நரைத்தவன் நான். அந்தத் தரகர் சொன்னது சரி. ஒரு வீடு விளம்பரத்துக்கு வந்ததும் முதலில் யார் வருவார்கள் தெரியுமா? ஏற்கனவே மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பவர்கள். அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லா வீட்டையும் பார்த்து முடித்துவிட்டு, புதிதாக எது வரும் என்று காத்திருக்கிற கூட்டம் அது. அவர்கள் மொத்தமாக முதல் இரண்டு மூன்று வாரத்தில் வந்து பார்த்துவிடுவார்கள். அவர்களே வேண்டாம் என்று போய்விட்டால், அதன்பிறகு புதிதாகத் தேட ஆரம்பிக்கிற ஒன்றிரண்டு பேரை நம்பித்தான் உட்கார வேண்டும். மந்தமான சந்தையில் அந்த ஒன்றிரண்டும் வருவதில்லை. இதில் சட்டம் எங்கே வந்தது? அனுபவம்.

கடைக்கோடி:
ஐயா, உங்கள் நரையை மதிக்கிறேன், ஆனால் கணக்கு வேறு. கமிஷன் இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பொறுத்திருந்து விலையில் கூடுதலாக நூறு கிடைத்தால் உரிமையாளருக்குத் தொண்ணூற்றெட்டு, தரகருக்கு இரண்டு. அந்த இரண்டுக்காக அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் அவருக்கு லாபம்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன் இருவரும் சிகாகோ பகுதியில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் வீட்டு விற்பனையை அலசி 2008இல் கட்டுரை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, அதே மாதிரி வீடுகளைவிட சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். விலையும் சுமார் 3.7 சதவீதம் அதிகம் கிடைக்கிறது. ஊரான் வீட்டுக்கு மூன்று வாரம், தன் வீட்டுக்கு அதற்கு மேலா?

பழைய சாவி:
ஒன்பதரை நாள்தானே? மூன்று வாரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதே!

கடைக்கோடி:
அது "கூடுதலாக" ஒன்பதரை நாள் ஐயா. மொத்தமே ஒன்பதரை நாள் இல்லை. படித்துவிட்டுப் பேசுங்கள்.

நாலாவது மாடி:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். மூன்று வாரம் என்றால் எந்த நாளிலிருந்து? விளம்பரம் போட்ட நாளா, முதல் ஆள் வந்து பார்த்த நாளா? "மந்தம்" என்றால் விற்பனை எண்ணிக்கை குறைவதா, விலை இறங்குவதா? இரண்டும் ஒன்றில்லை. வீட்டுச் சந்தையில் பெரும்பாலும் எண்ணிக்கைதான் முதலில் விழும், விலை அப்புறம்தான் மெதுவாக இறங்கும். அமெரிக்காவில் 2006இல் உச்சத்துக்குப் போன வீட்டு விலை அடிமட்டத்தைத் தொட 2012 ஆனது. அப்படிப்பட்ட சந்தையில் மூன்று வாரம் என்ன, மூன்று மாதம் என்ன?

கடைக்கோடி:
பார்த்தீர்களா, நாலாவது மாடியும் என் பக்கம். மூன்று வாரம் சும்மா அடித்துவிட்ட கணக்கு.

நாலாவது மாடி:
நான் யார் பக்கமும் இல்லை. கேள்விதான் கேட்டேன். விலை இறங்கிக்கொண்டே போகிற சந்தையில் காத்திருப்பவருக்கு இன்னும் நஷ்டம் என்றும் இதிலிருந்து சொல்லலாம்.

பழைய சாவி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! இறங்குமுகத்தில் ஆறு மாதம் காத்திருந்து பின்னால் குறைத்தால், அதற்குள் சந்தை இன்னும் கீழே போயிருக்கும். இறங்குகிற விலையைத் துரத்திக்கொண்டே ஓடியவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். முதல் மூன்று வாரத்தில் குறைத்திருந்தால் தப்பித்திருப்பார்கள்.

இன்னொன்று. நீண்ட நாள் விற்காத வீட்டைப் பார்த்தால் வருகிறவர் மனதில் முதலில் எழும் கேள்வியே "என்ன குறை?" என்பதுதான். கர்டிஸ் டெய்லர் என்ற பொருளாதார அறிஞர் 1999இல் இதை வைத்தே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். மற்றவர்கள் பார்த்துவிட்டு விட்டுப்போன வீட்டில் ஏதோ கோளாறு இருக்கும் என்று வாங்குகிறவர் முடிவு கட்டுவார். வீட்டில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் நாள் ஏற ஏற மதிப்பு இறங்கும். தம்பி மட்டும்தான் படிப்பார் என்று நினைக்க வேண்டாம்.

வாங்கப்போகிறவன்:
வாங்குகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நாங்கள் விலையை மட்டும் பார்ப்பதில்லை. குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று பார்ப்போம். அலமாரிக்குப் பின்னால் ஓதம் இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவுவோம். சில வீட்டில் ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருப்பார்கள், அதைப் பார்த்ததுமே சந்தேகம்தான்.

அப்புறம் இந்த நாள் கணக்கை நம்பவே முடியாது. போன வாரம் "புதிய விளம்பரம்" என்று ஒரு வீடு வந்தது. படத்தில் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தால் போன வருடத்துத் தாள். பழைய விளம்பரத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இதில் மூன்று வாரத்தை எங்கிருந்து எண்ணுவது?

கடைக்கோடி:
அருமை! இதைத்தான் எதிர்பார்த்தேன். பழைய சாவி ஐயா, நீங்கள் தொழிலில் இருந்தபோது விளம்பரத்தை எடுத்துவிட்டு மறுபடி புதிதாகப் போட்டதுண்டா இல்லையா? உண்டு என்றால் உங்கள் மூன்று வாரம் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்திருக்குமே!

பழைய சாவி:
உரிமையாளர் கேட்டால் போடுவோம். அதில் என்ன குற்றம்? விலை மாறினால் அது புது விளம்பரம்தான்.

கடைக்கோடி:
நாட்காட்டி மாறவில்லையே ஐயா.

வாடகைக் குடித்தனம்:
நீங்கள் எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள், பேசுங்கள். நான் வேறொன்று கேட்கிறேன். "குடியிருப்போருக்கு நன்றி" கூட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவர்களை ஏன் கூப்பிடவில்லை? நானும் அதே குடியிருப்பில்தான் இருக்கிறேன். வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் அழைப்பு வந்தது. விற்பனைக்குப் போட்ட வீட்டில் குடியிருக்கும் எங்கள் பாடு யாருக்குத் தெரியும்? இரவுப் பணி முடிந்து வந்து தூங்கினால் கதவைத் தட்டி "வீடு பார்க்க வந்திருக்கிறார்கள்" என்பார்கள். யாரோ முன்பின் தெரியாதவர் என் துணி அலமாரியைத் திறந்து ஆழம் பார்ப்பார். வீடு விற்றுப்போனால் சாமானைக் கட்ட வேண்டியதும் நாங்கள்தான். இது எந்த ஊர் நன்றி?

பழைய சாவி:
அம்மா, அது வேறு விஷயம். அந்தக் கூட்டம் விற்பனை ஆலோசனைக்கு.

வாடகைக் குடித்தனம்:
நன்றி சொல்லத்தான் கூட்டம் என்றீர்கள். இப்போது ஆலோசனைக் கூட்டமாகிவிட்டதா? முதலில் அதை ஒத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கோடி:
சகோதரி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நன்றி என்ற பெயரில் அங்கே ஆள் பிடித்தார்கள். துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் "உங்கள் வீட்டின் இன்றைய மதிப்பை இலவசமாக அறிய" என்று தொலைபேசி எண்ணோடு போட்டிருந்தது. சந்தை ஓடும்போது இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காதவர்கள், விற்பனை படுத்ததும் சமூக சேவை செய்கிறார்கள்.

பழைய சாவி:
தொழில் செய்பவன் தன் எண்ணைக் கொடுப்பது பாவமா? பாராட்டு வாங்கிய துப்புரவுப் பணியாளர்களில் ஒருவர் கண் கலங்கியதை நான் நேரில் பார்த்தேன். இத்தனை காலமாக உங்கள் சங்கம் அவர்களை ஒருதரம் மேடையேற்றியதுண்டா? மந்தமான காலத்தில் கையிலிருந்து காசு போட்டு ஒருவர் செய்கிறார், அதையும் குறை சொன்னால் எப்படி?

கடைக்கோடி:
பணியாளர்களைப் பாராட்டியதை நான் குறை சொல்லவில்லை, முதல் வரியிலேயே நல்ல காரியம் என்றுதான் எழுதினேன். மூன்று வாரம் என்று சொன்னதைத்தான் கேட்கிறேன். பேச்சை மாற்றாதீர்கள்.

நாலாவது மாடி:
இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும் ஒரு ஆய்வு சொல்கிறேன். டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் இருவரும் 1990களில் பாஸ்டன் நகர அடுக்குமாடி வீடுகளை ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். வாங்கிய விலையைவிடக் குறைவாக விற்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், அந்த நஷ்டத்தில் 25 முதல் 35 சதவீதம் வரை கேட்கும் விலையில் ஏற்றிவிடுகிறார்கள். அதனால் அவர்கள் வீடு விற்க நாள் பிடிக்கிறது. ஆனால் கடைசியில் விற்கும்போது கொஞ்சம் கூடுதல் விலையும் கிடைத்திருக்கிறது, நஷ்டத்தில் 3 முதல் 18 சதவீதம் வரை. காத்திருப்பதில் செலவும் உண்டு, வரவும் உண்டு. அந்த அம்மாவுக்கு அவசரம் இருக்கிறதா, மாதத் தவணை ஓடுகிறதா என்று தெரியாமல் நாம் என்ன சொல்வது?

கடைக்கோடி:
கூடுதல் விலை கிடைத்திருக்கிறது! இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழைய சாவி:
விற்க நாள் பிடிக்கிறது! அதைப் படிக்கவில்லையா?

கடைக்கோடி:
படித்தேன். தரகர்களின் கணிப்பைப் பற்றியும் படித்தேன். 1987இல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இருவர் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வீட்டைத் தரகர்களுக்கும் மாணவர்களுக்கும் காட்டினார்கள், தகவல் தாளில் கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிக் கொடுத்தார்கள். அதிக விலை பார்த்தவர் மதிப்பை அதிகமாகச் சொன்னார், குறைந்த விலை பார்த்தவர் குறைவாகச் சொன்னார். மாணவர்கள் மட்டுமில்லை, தரகர்களும் அப்படித்தான். பெரும்பாலான தரகர்கள் கேட்கும் விலையைப் பார்த்து நாங்கள் முடிவு செய்யவில்லை என்று வேறு சாதித்தார்கள். இவர்கள் சொல்லி நாம் விலை குறைக்க வேண்டுமாம், அதுவும் மூன்றே வாரத்தில்.

பழைய சாவி:
எங்கோ நடந்த சோதனையை வைத்து என் பிழைப்பையே பொய்யென்கிறீர்களா? இந்தக் கையால் எத்தனை குடும்பத்துக்குப் பத்திரம் முடித்துக் கொடுத்திருக்கிறேன். மனையைக் கண்ணால் பார்த்தே மதிப்புச் சொல்வேன்.

வாங்கப்போகிறவன்:
பெரியவரைக் கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள் கடைக்கோடி. கணினியே தோற்ற வேலை இது. அமெரிக்காவில் ஜில்லோ நிறுவனம் கணினிக் கணிப்பை வைத்து வீடுகளை வாங்கி விற்றது. விலையைச் சரியாகக் கணிக்க முடியாமல் 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடுவதாக அறிவித்தது.

கடைக்கோடி:
அப்படியென்றால் கணினிக்கும் தெரியாது, தரகருக்கும் தெரியாது. பின்னே எதை வைத்து மூன்று வாரம்? நான் கேட்பது ஒரே கேள்வி. இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பழைய சாவி:
பதில் சொல்லிவிட்டேன். காத்திருக்கும் கூட்டம் முதலில் வரும், அது போய்விட்டால் விலையில்தான் தப்பு. நீங்கள்தான் கேட்க மாட்டேன் என்கிறீர்கள். மழை ஒழுகல் விஷயத்திலும் இப்படித்தான். மொட்டை மாடியில் தளம் உடைத்துப் போட வேண்டும் என்று நான் எழுதினேன், பூச்சு போதும் என்று இதே கடைக்கோடி எல்லோரையும் திருப்பிவிட்டார். அடுத்த மழையில் யார் வீட்டில் ஒழுகியது?

கடைக்கோடி:
பூச்சு அடித்தவன் சரியாக அடிக்கவில்லை. நான் சொன்ன முறை சரிதான். அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

நாலாவது மாடி:
ஒழுகியது என் வீட்டில். பூச்சு அடித்தவரைக் கூட்டி வந்ததும் கடைக்கோடிதான்.

வாடகைக் குடித்தனம்:
நான் கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. வீடு பார்க்க வருவதற்கு முன்னால் குடியிருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாவது இங்கே எழுதுங்கள், போதும்.

கடைக்கோடி:
சகோதரி, கட்டாயம் எழுதலாம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். பழைய சாவி ஐயாவுக்கு: உங்கள் சொந்த வீட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறீர்களே, அந்த விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது. மூன்று வாரம் எப்போதோ தாண்டியாயிற்று. விலை மாறவே இல்லையே, ஏன்?

பழைய சாவி:
அது மூலை மனை. இரண்டு பக்கமும் சாலை. அதற்கு வருகிற ஆளே வேறு. என் வீட்டுக் கதையை இங்கே இழுப்பது நாகரிகமில்லை, நிர்வாகி இதைக் கவனிக்க வேண்டும்.

கடைக்கோடி:
நிர்வாகி தாராளமாகக் கவனிக்கட்டும். மூலை மனைக்கு எத்தனை வாரம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.