மெல்போர்ன் போய் வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். ஜனவரியில் குடும்பத்தோடு மெல்போர்ன் போகிறோம். மாமியாரும் 5 வயது மகளும் உடன் வருகிறார்கள். நகர மையத்தில் டிராம் இலவசம் என்பதால் அங்கேயே அறை போட்டாயிற்று. குழப்பமெல்லாம் பெங்குவின் பார்க்கப் பிலிப் தீவுக்குப் போகும் விஷயத்தில்தான். பெங்குவின்கள் இருட்டும் நேரத்தில்தான் கரையேறும். கோடையில் அங்கே சூரியன் மறையவே எட்டரை மணி தாண்டிவிடுமாம். அப்புறம் சுமார் 140 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். மகள் காரில் தூங்கிவிடுவாள், மாமியாருக்குத்தான் முட்டிவலி. அன்றிரவு தீவிலேயே தங்கிவிடலாமா, டூர் பஸ்ஸே போதுமா? வாடகைக் காரென்றால் குழந்தை இருக்கையை அவர்களே தருவார்களா? 7 வயதுக்குள் கட்டாயமாமே. கடற்கரைக் காற்றுக்கு ஸ்வெட்டர் தாங்குமா? பஃபிங் பில்லி நீராவி ரயிலுக்கு எவ்வளவு முன்னதாகப் பதிவு செய்வது? கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலைப் பயணத்தை இந்த முறை விட்டுவிட்டோம், அதற்காகத் திட்டாதீர்கள்!