சைட் இன்ஜினியர் வேலையிலிருந்து புராஜெக்ட் மேனேஜர்: எதைக் கத்துக்கணும்? (காரைக்குடி வட்டாரம்)

கேள்வி: கோட்டையூர்_சிவில்

பி.இ. சிவில் முடிச்சு மூணு வருஷமா சைட் இன்ஜினியர் வேலை. பில்டர் பக்கம் போய், நிலம் வாங்குறதிலிருந்து சாவி கொடுக்கிறது வரைக்கும் பார்க்கிற மேனேஜர் ஆகணும். காரைக்குடி, தேவகோட்டை பக்கமே இருக்க ஆசை. பி.எம்.பி. (புராஜெக்ட் மேனேஜர்களுக்கான சர்வதேசச் சான்றிதழ்த் தேர்வு) எழுதவா, எம்.பி.ஏ. சேரவா? முதல்ல எதைப் படிக்கணும்னு அண்ணன்மார் சொல்லுங்க.

பதில்: தாய்ப்பத்திரம்

தம்பி, முதல்ல பத்திரம் படிக்கக் கத்துக்குங்க. கான்கிரீட் தப்பை உடைச்சுத் திரும்பப் போடலாம். உரிமைத் தப்பு வந்தா தடையாணையோட சைட் நின்னுடும், பேங்க் வட்டி மட்டும் நிக்காது.

செட்டிநாட்டில் இது மத்த ஊரை விடச் சிக்கல். ஒரே இடத்துக்குப் பத்து இருபது பங்காளிகள் இருப்பாங்க. பாதிப்பேர் சென்னை, மலேசியா, சிங்கப்பூர். வம்சாவளி மரம் வரைஞ்சு ஒவ்வொரு கிளைக்கும் வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் வாங்குங்க. அடிக்கடி விட்டுப்போவது கல்யாணமாகிப் போன பெண்கள் பங்கு. தமிழ்நாட்டில் 1989 திருத்தம், அப்புறம் நாடு முழுக்க 2005 திருத்தம். இரண்டையும் தேதியோட தெரிஞ்சு வச்சுக்கணும். பழைய பாகப்பிரிவினை பதிவானதா, வெறும் கூர்சீட்டா (பங்காளிகள் தங்களுக்குள் பங்கு பிரிச்சு எழுதிக்கிட்ட சீட்டு) என்பதையும் பாருங்க.

வெளிநாட்டில் எழுதின பவர் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருத்தருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இந்தியாவுக்கு வந்த 3 மாசத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டணும். எழுதிக் கொடுத்தவர் இறந்தா பவர் பொதுவா அதோட முடிஞ்சது. அதனால கிரயத்தன்னைக்கு அவர் உயிரோட இருக்கார்னு சான்று கேளுங்க. கேட்கவே சங்கடமாத்தான் இருக்கும், பரவாயில்லை.

வில்லங்கம் (அந்த இடத்து மேல் பதிவான கிரயம், அடமானப் பட்டியல்) 30 வருஷத்துக்குக் குறையாம போடுங்க. பட்டாவில் பேர் இருக்குன்னு நிம்மதியாகிடாதீங்க, யு.டி.ஆர். (நில ஆவணங்களைப் புதுப்பிச்ச அரசுத் திட்டம்) சமயத்தில் பேர் மாறி ஏறினது நிறைய. எஃப்.எம்.பி. (சர்வே எண்ணோட அளவு காட்டுற) வரைபடத்தை எடுத்துட்டுப் போய் நிலத்தில் நடந்து பாருங்க. ஊருணிக்கோ கண்மாய்க்கோ போற வரத்துக்கால் குறுக்கே ஓடினா, இப்போ மேடுதட்டிக் கிடந்தாலும் அது புறம்போக்குதான்.

பதில்: சென்ட்_கணக்கு

மேலே சொன்னதோட கணக்கும் சேரணும். 3 ஏக்கர் லேஅவுட்னா 300 சென்ட். ரோட்டுக்கு 30 சதவீதம்னு வச்சா 90 சென்ட் போச்சு. மீதி 210-ல் பூங்காவுக்கு 10 சதவீதம், 21 சென்ட். இடம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டுறதால அதுக்குப் பதிலாப் பணம் கட்டவும் வழியில்லை. கையில் நிக்கிறது 189 சென்ட். அதாவது சென்ட் 1 லட்சம்னு வாங்கின நிலம், விற்கிற சென்ட்டுக்கு 1.59 லட்சம் ஆகுது, ரோடு போடுற செலவுக்கு முன்னாடியே. புதுசா வர்றவங்க 300-ஐ வச்சே லாபம் போட்டுடுவாங்க.

ரெரா சட்டத்தை (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016) உட்கார்ந்து முழுசாப் படிங்க. 500 சதுர மீட்டர், 8 வீடு என்ற வரம்பைத் தாண்டிட்டா பதிவெண் இல்லாம விளம்பரம்கூடக் கூடாது. ஒப்பந்தம் பதிவாகுறதுக்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வசூலில் 70 சதவீதம் தனிக் கணக்கில். இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூணு பேரும் சான்று கொடுத்தா வேலை முடிஞ்ச அளவுக்குத்தான் எடுக்கலாம். சைட் ஒரு மாசம் பிந்தினா, பிந்துறது வேலை மட்டுமில்லை, சிமெண்டுக்கும் கம்பிக்கும் கொடுக்க வேண்டிய பணமும்தான். சைட் இன்ஜினியருக்கும் மேனேஜருக்கும் வித்தியாசம் இங்கேதான்.

ஷெட்யூலையும் இதே கண்ணோடு பாருங்க. கான்ட்ராக்டர் '10 நாளுக்கு ஒரு தளம்' என்பார். தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டருக்கு மேல் போற சிலாபுக்கு முட்டு 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் நிக்கணும்னு ஐ.எஸ். 456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி) சொல்லுது. அதுவும் சாதா சிமெண்டுக்கு. பி.பி.சி.ன்னா (சாம்பல் கலந்த சிமெண்ட்) நாளைக் கூட்டணும். அப்போ முட்டும் ஷீட்டும் இரண்டு மூணு செட் வேணும். ரேட்டில் எத்தனை செட்னு எழுதாம கையெழுத்துப் போட்டா, இரண்டாவது தளத்தில் தகராறு ஆரம்பம். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுறதை ஐப்பசிக்கு முன்னாடியே முடிக்கப் பாருங்க.

பதில்: சுண்ணாம்புக்காரை

நம்ம வட்டாரத்தில் பழைய வீட்டை ஹோட்டலா மாத்துற வேலையும் உண்டு. ஆள் பற்றாக்குறை அதில்தான். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசினா ஈரம் வெளியே வர வழியில்லாம உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமா விழும். ஆத்தங்குடிக் கல்லை (கையால் செய்யும் பூ வேலைத் தரைக்கல்) கடைசி வேலையா வைங்க. ஒயரிங், பெயிண்டிங் முடியாம பதிச்சுட்டு, அப்புறம் கறை போக ஆசிட் ஊத்தினா கல்லோட நிறமே போயிடும். கொத்தனாரை முதலில் பிடிச்சுட்டு அவர் தேதிக்கு ஷெட்யூல் போடுங்க. தலைகீழாப் போட்டா நடக்காது.

கோட்டையூர்_சிவில்: நன்றிண்ணே. அப்போ பி.எம்.பி. தேவையில்லையா?

சென்ட்_கணக்கு: பெரிய கம்பெனி, வெளிநாடுன்னா உதவும். நாலு வருஷப் பட்டத்துக்கு 36 மாச அனுபவம், 35 மணி நேரப் பயிற்சி கேட்கிறாங்க. ஆனா அந்த 36 மாசம் புராஜெக்டை முன்நின்று நடத்தினதா இருக்கணும், சைட்டில் நின்ன மூணு வருஷம் அப்படியே கணக்கில் வராது. இங்கே பில்டர்கிட்ட அதைக் காட்டி வேலை கேட்டா, 'ஆர்.ஏ. பில் சரிபார்ப்பியா?'ன்னுதான் (முடிஞ்ச வேலைக்கு கான்ட்ராக்டர் அவ்வப்போது போடுற பில்) கேட்பார்.

தாய்ப்பத்திரம்: இந்த வாரமே உங்க சொந்த வீட்டு சர்வே எண்ணுக்கு வில்லங்கம், அ-பதிவேடு (கிராமத்து நிலவரப் பதிவேடு), எஃப்.எம்.பி. மூணும் ஆன்லைனில் எடுத்துப் பொருத்திப் பாருங்க. கம்ப்யூட்டரில் ஏறாத பழைய வருஷங்களுக்கு சார்பதிவாளர் ஆபீஸில் மனு போடணும், கையால் தேடித்தான் தருவாங்க. அதுக்கும் ஷெட்யூலில் நாள் ஒதுக்கணும்.