300 பிரதி அச்சிட்டேன், வாசகர் எங்கே?

வெள்ளவத்தைக்காரி:

என் முதல் சிறுகதைத் தொகுதி வெளிவந்து மூன்று மாதமாகிறது. 300 பிரதி அச்சிட்டேன். வெளியீட்டு விழாவுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் வந்தார்கள். தலைமையுரை, வாழ்த்துரை, ஆய்வுரை, ஏற்புரை என்று உரைகளுக்குக் குறைவில்லை. கடித உறையில் பணத்தை வைத்துத் தந்துவிட்டு ஆளுக்கொரு பிரதி வாங்கிப் போனார்கள். அச்சகக் கடன் தீர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் "வாசித்தேன்" என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா? வட்ஸ்அப்பில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். கைகூப்பும் படங்கள்தான் வந்து குவிந்தன. மிச்சப் பிரதிகள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. கடற்காற்றில் அட்டை நெளியத் தொடங்கிவிட்டது.

போன வாரம் இங்கே கொழும்பிலேயே கொட்டாஞ்சேனையிலிருந்து முன்பின் தெரியாத ஓர் அம்மா அழைத்தார். "பிள்ளை, வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிற ரயிலில் கடல் இடது கைப் பக்கமல்லவா வரும்? நீர் வலப்பக்க யன்னல் என்று எழுதியிருக்கிறீர்." வெட்கமாகிவிட்டது. அந்தப் பாதையிலேயே பத்து வருடம் வேலைக்குப் போய் வந்தவள் நான்! விழாவுக்கு வந்த யாரோ, பிரிக்காத பிரதியை அவரிடம் கொடுத்திருக்கிறார். பதிப்பு விபரப் பக்கத்தில் என் எண்ணைப் பார்த்து அழைத்தாராம்.

இப்படிப்பட்டவர்களை எப்படித் தேடிப் பிடிப்பது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தங்கச்சி, விழாவுக்கு வந்தவர்கள் உம்முடைய உறவினரும் நண்பர்களும். அவர்கள் உமக்காக வந்தார்கள், கதைக்காக அல்ல. அதில் கோபிக்க ஒன்றுமில்லை.

1966இல் மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கிய எழுத்தாளர் டொமினிக் ஜீவா, அதன் இதழ்களைக் கையில் சுமந்துகொண்டு தெருவில் தானே விற்றவர். விற்பவரே ஆசிரியர் என்றால், போன இதழில் எது பிடிக்கவில்லை என்பதைக் காசு கொடுக்கும்போதே முகத்துக்கு நேரே சொல்லலாம். நீரும் பத்துப் பிரதியைப் பையில் வைத்துக்கொள்ளும். வாங்குபவரின் பெயர், ஊர், என்ன கதைத்தார் என்பதை ஒரு கொப்பியில் எழுதும். அடுத்த புத்தகம் வரும்போது அந்தக் கொப்பிதான் உமக்குச் சொத்து.

பாடசாலை நூலகர்:

இலங்கையில் ஒக்டோபர் வாசிப்பு மாதம். எழுத்தாளர் யாராவது வரமாட்டார்களா என்று பாடசாலைகள் தேடும் காலம் அது. ஒரு பிரதியை அன்பளிப்பாக அனுப்பி, "வந்து ஒரு கதை வாசிக்கிறேன்" என்று அதிபருக்குக் கடிதம் எழுதுங்கள், அக்கா. பேச்சு வேண்டாம். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மிச்சம் நூலகத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் பாடசாலையில் ஒருவர் அப்படிச் செய்தார். இருந்த ஒரே பிரதிக்குப் பதினொரு பிள்ளைகள் பெயர் பதிந்தார்கள்.

மருதானை வாசகன்:

வாத்தியார் சொல்வதில் பாதிதான் சரி. நானெல்லாம் தெருவில் யாராவது புத்தகத்தை நீட்டினால் ஒதுங்கிப் போகிறவன். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில்கூட, எழுத்தாளர் மேசைக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் போவதில்லை.

முகநூலில் அட்டைப்படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதை விடுங்கள். அந்த ரயில் பிழையை எழுதுங்கள். உங்களைத் திருத்தியவரைப் பற்றி எழுதினால் நான் வாசிப்பேன், புத்தகமும் வாங்குவேன்.

வெள்ளவத்தைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கொப்பி வாங்கிவிட்டேன், முதல் பெயர் கொட்டாஞ்சேனை அம்மாவுடையது. பிழையை எழுதலாமா என்று கேட்க நேற்று அழைத்தேன். "தாராளமாக எழுதும். ஆனால் நாலாவது கதையில் வரும் மீன் சந்தையும் பிழை. சனிக்கிழமை காலை வாரும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்" என்றார்.

போகிறேன்.