ஆஸ்திரேலியாவில் படித்த அறிவியல் பாடங்களுக்குச் சிங்கப்பூரில் கிரெடிட் கிடைக்கவில்லை: என்ன செய்யலாம்?

ஈசூன்_மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே பாலிடெக்னிக்கில் (பாலி) உயிர்மருத்துவ அறிவியல் டிப்ளமா முடித்துவிட்டு ஆஸ்திரேலியாவில் பி.எஸ்சி. சேர்ந்தேன். டிப்ளமாவைப் பார்த்து முதலாண்டில் நான்கு பாடங்களைப் படிக்க வேண்டாம் என்று விலக்கு கொடுத்தார்கள். அதற்குமேல் ஓராண்டு படித்து எட்டுப் பாடங்கள் தேறினேன். இப்போது அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. இனி சிங்கப்பூரிலேயே இருந்து படிப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டப்படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது.

சிக்கல் கிரெடிட்டில், அதாவது முன்பு தேறிய பாடங்களை இங்கே ஏற்றுக் கணக்கில் சேர்ப்பதில். என் டிரான்ஸ்கிரிப்டில் பாடத்துக்கு 12.5 வீதம் பன்னிரண்டு பாடங்களுக்கு 150 புள்ளி இருக்கிறது, அதாவது ஒன்றரை வருடப் படிப்பு. இங்கே முதலில் வந்த பதிலில் நான்கு பாடங்களைத்தான் ஏற்றிருக்கிறார்கள்: கால்குலஸ், புள்ளியியல், இயற்பியல், மரபியல். விலக்கு பெற்ற நான்கும் போய்விட்டன, வேதியியல் 1 உட்பட. வேதியியல் 2-க்கு ‘ஆய்வக நேரம் போதாது’ என்கிறார்கள். கரிம வேதியியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் ‘நேரடி இணைப் பாடம் இல்லை’. ஒரு விருப்பப் பாடத்துக்குக் காரணமே சொல்லவில்லை. நான் சேர்ந்திருப்பதோ வேதியியல் துறையில். மேல்முறையீடு செய்ய இரண்டு வாரம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

லேப்_அக்கா:
தங்கச்சி, முதலில் அப்பா நலமாகட்டும். நான் பல்கலைக்கழக வேதியியல் ஆய்வகத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். இப்படி வரும் கோப்புகளைப் பார்த்துப் பழக்கம்.

விலக்கு பெற்ற நான்கும் ஏன் போயின என்றால், அவற்றை நீங்கள் ஆஸ்திரேலியாவில் படிக்கவில்லை. அந்த டிரான்ஸ்கிரிப்டில் பாடத்தின் பெயர் இருக்கும், மதிப்பெண் இருக்காது. ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த விலக்கை இன்னொன்று அப்படியே எடுத்துக்கொள்வது அபூர்வம். அதனால் ஆஸ்திரேலியத் தாளை விட்டுவிட்டு, பாலி டிரான்ஸ்கிரிப்டையும் பாலிப் பாடத்திட்டத்தையும் நேரடியாக வையுங்கள். ‘இந்த டிப்ளமாப் பாடத்தைப் பார்த்து வேதியியல் 1-க்கு விலக்கு கேட்கிறேன்’ என்று தனி விண்ணப்பமாகவே எழுதுங்கள். இங்குள்ளவர்களுக்கு நம் பாலிப் படிப்பு நன்றாகத் தெரியும். மெல்பர்னோ பிரிஸ்பனோ சொன்னது அதற்குத் தேவையில்லை.

அடுத்தது லேப். பலரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணக்கைப் பாருங்கள்: வாரம் 1 மணி நேர விரிவுரைக்கு 1 அலகு (கிரெடிட்), லேப் என்றால் வாரம் 3 மணி நேரத்துக்குத்தான் 1 அலகு. பதின்மூன்று வாரப் பருவத்துக்கு அது 39 மணி நேரம். உங்கள் வேதியியல் 2-ல் எத்தனை லேப் வகுப்பு இருந்தது?

ஈசூன்_மாணவி:
ஆறு அக்கா, ஒவ்வொன்றும் 3 மணி நேரம். மீதியெல்லாம் விரிவுரையும் டுடோரியலும்.

லேப்_அக்கா:
அப்படியானால் 18 மணி நேரம்தான். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாலியில் நீங்கள் லேபிலேயே கிடந்திருப்பீர்கள், அது எங்கேயும் கணக்கில் வரவில்லை. ஒரு பட்டியல் போடுங்கள்: சோதனையின் பெயர், எத்தனை மணி நேரம், என்ன கருவி, தனியாகவா குழுவாகவா, எப்படி மதிப்பிட்டார்கள். ‘அடிப்படை ஆய்வகத் திறன்கள்’ என்று ஒரே வரியில் முடித்தால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. டைட்ரேஷன், மறுபடிகமாக்கல், வடித்தல், மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபி, அகச்சிவப்பு நிறமாலை என்று பெயர் பெயராக எழுதினால் அவர் தன் லேப் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்வார். பழைய லேப் நோட்டு இருக்கிறதா? தேதியும் ஆசிரியரின் கையொப்பமும் உள்ள பக்கங்கள் நான்கைந்தை ஸ்கேன் செய்து சேருங்கள். நான் பார்த்தவரை அந்தப் பக்கங்களுக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

தெம்பனிஸ்காரன்:
நான் இங்கிலாந்திலிருந்து மாறி வந்தவன். 150 புள்ளி என்று எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கணக்கு. இங்கிலாந்தில் ஒரு வருடத்துக்கு 120, ஐரோப்பாவில் 60, ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 100, மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 48, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட ஆனர்ஸுக்கு 160, ஆகவே வருடத்துக்கு 40. உங்கள் 12.5 என்பது ஒரு வருடத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த விகிதத்தைச் சொல்லுங்கள், அதோடு மொத்தப் படிப்பு நேரத்தையும் எழுதுங்கள். தேசியப் பல்கலைக்கழகத்தில் 4 அலகுப் பாடம் என்றால் வாரம் 10 மணி நேரம் என்று கணக்கு. விரிவுரை, லேப், வீட்டில் படிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் வேதியியல் 1, 2 என்று பருவவாரியாகப் பிரிப்பார்கள். கரிம, கனிம, இயற்பிய வேதியியல் மூன்றும் இரண்டிலும் கலந்து வரும். இங்கே கிளைவாரியாகப் பிரித்திருந்தால் ஒன்றுக்கு ஒன்று பொருந்தவே பொருந்தாது. ‘வேதியியல் 1, 2 இரண்டும் சேர்ந்து உங்களுடைய இந்த இரண்டு பாடங்களுக்கு ஈடு’ என்று கூட்டாகக் கேளுங்கள். பாடத்திட்டம் நீங்கள் படித்த ஆண்டுடையதாக இருக்க வேண்டும். மெல்பர்ன், மோனாஷ் இரண்டின் பாடக் கையேடுகளும் ஆண்டுவாரியாக இணையத்தில் கிடைக்கின்றன.

புக்கிட்_பாத்தோக்:
உயிர்வேதியியலுக்கு நேரடி இணை இல்லை என்றால் பொது விருப்பப் பாடமாகவாவது எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். துறையின் கட்டாயப் பாடமாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அதுவும் போகும்.

லேப்_அக்கா:
ஆமாம், நல்ல யோசனை. ஆனால் கரிம வேதியியலுக்கு நான் மேல்முறையீடு செய்யச் சொல்ல மாட்டேன். கிடைத்துவிட்டால் நேராக அடுத்த நிலைக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே உடன் படிப்பவர்கள் இந்த ஊர் முறையில், இந்த ஊர் லேபில் பழகியவர்கள். வினைவழிமுறை (வேதிவினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்பது) எழுதுவதில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் அடுத்து வரும் பாடங்களெல்லாம் ஆட்டம் காணும். மாற்றிக்கொண்ட கிரெடிட் பொதுவாக ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) கணக்கில் சேராது. நன்றாகத் தெரிந்த பாடத்தை இங்கே படித்து ஏ வாங்கினால் அது சேரும்.

தெம்பனிஸ்காரன்:
அக்கா, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பருவம் கூடினால் கல்விக் கட்டணம் ஒரு பக்கம், வேலைக்குப் போவது தள்ளிப்போவது ஒரு பக்கம். வீட்டில் அப்பா படுத்திருக்கும்போது அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கேட்டுப் பார்க்கட்டும், கிடைத்த பிறகு வேண்டாம் என்று சொல்லலாமே.

லேப்_அக்கா:
தம்பி சொல்வதும் சரி. தங்கச்சி, கொடுத்த கிரெடிட்டைத் திருப்பித் தர முடியுமா என்று துறை அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

சிராங்கூன்_வாசி:
நடுவில் ஒரு கேள்வி. ஊரில் தம்பி பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அவனுடைய கிரெடிட் இங்கே செல்லுமா? இந்தியாவில் கிரெடிட் வங்கி வந்துவிட்டது என்கிறார்களே.

தெம்பனிஸ்காரன்:
ஆமாம், மாணவர் ஈட்டிய கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் கணக்கு, 2021-ல் அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்தது. அது இந்தியாவுக்குள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு. இங்கே வந்தால் அதே பாடத்திட்டம், அதே லேப் நேரம்தான் கேட்பார்கள். அங்கே செய்முறை வாரம் 2 மணி நேரம் என்றால் 1 கிரெடிட், அதனால் மணி நேரக் கணக்கைத் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ஈசூன்_மாணவி:
பதில் வந்துவிட்டது. பாலிப் பாடத்தை வைத்து வேதியியல் 1-க்கு விலக்கு கிடைத்தது. வேதியியல் 2-ல் கோட்பாட்டுப் பகுதியை ஏற்றுக்கொண்டார்கள், லேப் பாடத்தை மட்டும் இங்கே செய்ய வேண்டும். நோட்டுப் பக்கங்களைப் பார்த்த பேராசிரியர் நேரில் வரச்சொல்லி, மறுபடிகமாக்கலில் கரைப்பானை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். உயிர்வேதியியல் விருப்பப் பாடமாகச் சேர்ந்தது. கரிம வேதியியலை ஏற்கவில்லை, ஆஸ்திரேலியாவில் எடுத்த விருப்பப் பாடமும் போனது. மொத்தத்தில் ஒரு பருவத்துக்குச் சற்றுக் கூடுதலான படிப்புக் காலம் மிச்சமானது. அக்கா, கரிம வேதியியலையும் அந்த லேபையும் ஒரே பருவத்தில் போடலாமா?

லேப்_அக்கா:
ரொம்ப சந்தோஷம். பாடப் பக்கத்தில் முன்தேவை என்ற இடத்தைப் பாருங்கள். லேபை உடன் எடுக்கலாம் என்றிருந்தால் இரண்டையும் போடுங்கள். லேபை முதலில் முடித்திருக்க வேண்டும் என்றிருந்தால் இந்தப் பருவம் லேப், அடுத்ததில் கரிம வேதியியல். எப்படியானாலும் லேப் வகுப்புக்கு நேரம் பதியும் நாளில் முதல் ஆளாக நின்று காலை வகுப்பை எடுங்கள். பிற்பகல் லேப் இழுத்துக்கொண்டே போகும். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாட்களில் அது கஷ்டம்.