புதுப்பிப்பு: ஞாயிறு சந்தைக் குண்டானில் ரசம் வைத்தாயிற்று

போன மாதம் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கிய பழைய பித்தளை குண்டானில் சமைக்கலாமா என்று கேட்டிருந்தேன். ஈயம் பூசாமல் புளி, தக்காளி பக்கமே போகாதே என்றீர்கள். பூசியாகிவிட்டது.

பூசுகிறவர் குண்டானைச் சூடாக்கி, நவச்சாரம் என்ற உப்புத் தூளைத் தூவி, ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சால் சுழற்றித் துடைத்தார். குபுகுபுவென்று புகை, மஞ்சள் உள்பக்கம் கண்ணெதிரே வெள்ளியாய் மாறியது. (ஈயம் என்றதும் பயந்தவர்களுக்கு: இது வெள்ளீயம் (tin), நச்சான காரீயம் (lead) இல்லை.)

நேற்று முதல் ரசம். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. வெறும் பாத்திரமா அடுப்புல வெச்சிடாத, ஈயம் உருகிடும்" என்றார். உண்மைதான், வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும்.

அப்புறம், கூடவே வாங்கிய பீங்கான் ஜாடிக்கு மூடி சேரவில்லை. கல் உப்பு போட்டுத் துணி கட்டி வைத்திருக்கிறேன்.