பத்துக்குப் பத்தடி அறைக்கு எந்த மானிட்டர் ஸ்பீக்கர்?

கேள்வி: மாடி அறையில் குரல் பதிவும் மிக்ஸிங்கும் செய்கிறேன். யமஹா எச்எஸ்5 போதுமா, எச்எஸ்8 வேண்டுமா? ஹெட்போனில் மிக்ஸ் பண்ணியதைக் காரில் போட்டால் பேஸ் குமுறுகிறது.

பதில்: எச்எஸ்5 போதும். உங்கள் அறை சதுரம். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கம் பேஸ் ஒலி தேங்கி நிற்கும். எச்எஸ்8-இல் இருக்கும் 8 அங்குல வூஃபர், அதாவது பேஸ் ஒலி தரும் பகுதி, அதை இன்னும் கிளறிவிடும். நான் ஆசைப்பட்டுப் பெரிதை வாங்கிவிட்டு, ஒலியை உறிஞ்ச மூலை மூலையாக ராக்வூல் என்ற பாறை இழைப் பஞ்சை அடைத்தேன். இன்னும் கை அரிக்கிறது.

இன்னொருவர்: ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். வழியில்லையென்றால் பின்னால் இருக்கும், பேஸைக் குறைக்கும் ரூம் கன்ட்ரோல் சுவிட்சை -2க்குத் தள்ளுங்கள். ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலி தரும் சின்னப் பகுதி, காது மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணம். நூல் பிடித்தே அளக்கலாம்.

கேட்டவர்: என் மேஜையே சுவரோடுதான் கிடக்கிறது! சரி, முதலில் அதை இழுத்துப் போடுகிறேன்.